40 சதவீதம் இருந்தா 2000 ரூபாயா? மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனு எழுதும் முன்னாடி

மூலைக்கரைப்பட்டி வாசகர் — 10.08.2024, காலை

அப்பாவுக்கு 62 வயசு. சர்க்கரைப் புண் ஆறாம வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாச்சு. காயம் நல்லா ஆறிட்டு. இடது கண்ணுலயும் பார்வை கிட்டத்தட்ட இல்ல. ஊர்ல ஒருத்தர் சொல்லுதாரு: "40 சதவீதம்னு அட்டை வாங்கிட்டா மாசம் 2000. திங்கக்கிழமை கொக்கிரகுளத்துல கலெக்டர்ட்ட மனு குடுத்தா போதும், அங்கனையே எழுதிக் குடுத்துருவாங்க." இது சரிதானா? கையில என்னென்ன காகிதம் வேணும்? அட்டை எதுவும் இதுவரைக்கும் எடுக்கல.

பொருநைக்கரை — 10.08.2024, மதியம்

ரெண்டு தனித்தனிப் பணத்தை ஒண்ணாச் சேத்துச் சொல்லியிருக்காரு உங்க ஊர்க்காரர். முதல்ல அதைப் பிரிச்சுருவோம்.

2000 ரூபாய்ங்கிறது பராமரிப்பு உதவித்தொகை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியா வருது. 2023 ஜனவரியில இருந்து 1500, 2000 ஆச்சு. எல்லாருக்கும் கிடையாது. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு இருக்கவங்களுக்கு 40 சதவீதம் இருந்தா போதும். பார்க்கின்சன், தண்டுவட மரப்பு (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்), முதுகுத் தண்டுவடம் அடிபட்டவங்களுக்கும் உண்டு. மத்தவங்க "கடும் பாதிப்பு"ங்கிற வரிசையில வரணும், அதுக்கு 75 சதவீதம்.

1500 ரூபாய்ங்கிறது வருவாய்த்துறை ஓய்வூதியம். தாலுகா ஆபீஸ்ல சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் உத்தரவு போடுவாரு. இதுக்குத்தான் 40 சதவீதம், 18 வயசு. 2023 ஜனவரிக்கு முன்னாடி இது 1000.

ஒரு ஆளுக்கு ரெண்டுல ஒண்ணுதான். அதனால, சதவீதம் என்னன்னு தெரியும் முன்னாடி எந்தப் பணத்துக்கும் மனு எழுதாதீங்க. திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல குடுக்குற மனுவை எந்தத் துறையோ அந்தத் துறைக்கு அனுப்பி வைப்பாங்க. சான்றிதழ் இல்லாம குடுத்தா "மருத்துவச் சான்றுடன் விண்ணப்பிக்கவும்"னு ஒரு பதில் கடுதாசி வரும், அவ்வளவுதான். அந்த மனுநாளைப் பின்னாடி வச்சுக்கிடலாம், எங்கயாவது மாட்டிக்கிட்டா.

பாளை அக்கா — 10.08.2024, மாலை

அண்ணாச்சி சொன்னது சரி. வரிசையையும் சொல்லிடுதேன் தம்பி.

முதல்ல ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அப்பா பேரை எழுத்தெழுத்தாப் பாருங்க. ஒண்ணுல இனிஷியல் முன்னாடி, ஒண்ணுல பின்னாடி, ஒண்ணுல இனிஷியலே இல்லாம இருக்கும். பிறந்த தேதி ஒண்ணுல முழுசா இருக்கும், ஒண்ணுல வருசம் மட்டும் இருக்கும். மனு மாசக்கணக்கா நிக்கதுக்கு முக்காவாசிக் காரணம் இதுதான். ஆதாரைத் திருத்துனாத்தான் மத்தது எல்லாம் அது பின்னாலயே போவும்.

ரெண்டாவது, ஆதார்ல இருக்க செல் நம்பர் உயிரோட இருக்கான்னு பாருங்க. பழைய நம்பர் கட் ஆயிருந்தா ஒரு ஓ.டி.பி. கூட வராது. இ-சேவை மையத்துல "அண்ணன் நம்பரையே போட்டுருதேன்"னு அவங்க நம்பரைப் போட விடாதீங்க. பின்னாடி தகவல் எல்லாம் அவங்களுக்குத்தான் போகும், உங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

மூணாவது, தனித்துவ அடையாள அட்டைக்கு, அதான் யு.டி.ஐ.டி., ஸ்வாவலம்பன் இணையதளத்துல பதிவு. 2021 ஜூன் 1ல இருந்து சான்றிதழே இந்த இணையதளம் வழியாத்தான். கட்டணம் கிடையாது, இ-சேவையில பதிஞ்சு குடுத்தா அவங்க சேவைக் காசு மட்டும். செல்போன்ல எடுத்த போட்டோவை அப்படியே ஏத்த முடியாது, கோப்பு அளவைக் குறைக்கணும். கையெழுத்தோ இடது பெருவிரல் ரேகையோ வெள்ளைத்தாள்ல தனியா வச்சுப் படம் எடுத்துட்டுப் போங்க. மை ரொம்பத் தொட்டா ரேகை கரும்புள்ளியா வந்துரும்.

நாலாவதுதான் மெடிக்கல் போர்டு, அதான் குறைபாட்டைப் பாத்துச் சதவீதம் போடுற டாக்டர்கள் குழு. பணத்துக்கு மனு அதுக்கப்புறம்.

பொருநைக்கரை — 11.08.2024

அக்கா சொன்ன மூணாவதுல ஒரு இடத்தை அழுத்திச் சொல்லணும். பதிவு பண்ணும்போது குறைபாட்டு வகைன்னு ஒரு கட்டம் வரும். உங்க அப்பாவுக்குக் கால் மட்டும் டிக் அடிச்சா, போர்டுல எலும்பு டாக்டர் மட்டும்தான் பாப்பாரு. கண்ணையும் சேத்து டிக் அடிக்கணும். அப்பத்தான் பல்வகைக் குறைபாடுன்னு ரெண்டையும் பாத்து ஒரே சதவீதம் போடுவாங்க. அடுத்தது மருத்துவமனையைத் தேர்வு செய்யுற இடம். பக்கத்துல இருக்குன்னு தாலுகா ஆஸ்பத்திரியைப் போட்டுட்டா அங்க கண் டாக்டர் இருக்கணும். ரெண்டு வகை உள்ளவங்களுக்குப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிதான் நல்லது, எல்லாப் பிரிவும் ஒரே வளாகத்துல.

ஏன் கண்ணு முக்கியம்னா, கணக்கு இப்படி: ரெண்டு சதவீதத்தையும் நேராக் கூட்ட மாட்டாங்க. பெருசை அப்படியே எடுத்துக்கிடுவாங்க. 90ல இருந்து பெருசைக் கழிச்சு, வர்றதைச் சின்னதால பெருக்கி, 90ஆல வகுத்து, அதைப் பெருசோட சேப்பாங்க.

முழங்காலுக்குக் கீழே எடுத்ததுக்கு, வெட்டுனது போக மிச்சமிருக்க காலோட, அதான் கட்டையோட நீளத்தைப் பொறுத்து 60, 70ங்கிற அளவுல வரும். கட்டை குட்டையா இருந்தா சதவீதம் கூடும். ஒரு கண் முழுசாப் போயி மத்தக் கண்ணு நல்லா இருந்தா 30. இப்ப போட்டுப் பாருங்க. கால் 70, கண் 30னா: 90ல 70 போக 20, அதை 30ஆல பெருக்குனா 600, 90ஆல வகுத்தா 6.67. மொத்தம் 76.67. 75ஐத் தாண்டியாச்சு, 2000 கேக்கலாம். கால் 60, கண் 30னா: 30ஐ 30ஆல பெருக்கி 900, 90ஆல வகுத்தா 10. மொத்தம் 70. அப்ப 1500தான். கண்ணைக் காட்டாம விட்டா ரெண்டு வகையிலயும் 75 எட்டாது.

மூலைக்கரைப்பட்டி வாசகர் — 11.08.2024

இந்தக் கணக்கை யாருமே சொல்லல. 60ம் 30ம் 90ன்னுதான் நினைச்சிருந்தோம். இன்னொண்ணு: அப்பாவுக்கு ஏற்கெனவே முதியோர் ஓய்வூதியம் 1200 வருது. அதை நிப்பாட்டச் சொல்லி எழுதிக் குடுத்துட்டுத்தான் இதுக்குப் போகணுமா?

பாளை அக்கா — 11.08.2024

எழுதிக் குடுக்காதீங்க! வர்ற பணத்தை நிப்பாட்டிட்டு வராத பணத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கக் கூடாது. மனுவுல ஒளிக்காம, "முதியோர் ஓய்வூதியம் பெற்று வருகிறேன், மாற்றுத்திறனாளி உதவித்தொகை அனுமதிக்கப்பட்டால் அதை ரத்து செய்ய சம்மதிக்கிறேன்"னு ஒரு வரி எழுதுங்க. பழைய உத்தரவு நகல் இருந்தா இணைங்க, இல்லேன்னா பாஸ்புக்ல பணம் ஏறுன பக்கம். மறைச்சு ரெண்டும் வாங்குனா ஆதார்ல காட்டிக் குடுத்துரும், வாங்குன பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லுவாங்க.

பொருநைக்கரை — 13.08.2024

போர்டுக்குப் போற அன்னைக்கு.

எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, மனநலம்னு பிரிவுக்கு ஒரு கிழமை இருக்கும். குறுஞ்செய்தி வந்தாலும், கிளம்பும் முன்னாடி அந்தக் கிழமையைக் கேட்டு உறுதி பண்ணிக்கிடுங்க. லீவு நாளோ முகாமோ குறுக்க வந்தா மாறும். காலை எடுத்த ஆஸ்பத்திரியோட டிஸ்சார்ஜ் சம்மரி கட்டாயம் வேணும். தனியார்ல பாத்திருந்தாலும் பரவாயில்ல. அதுல எந்தக் கால், எந்த மட்டத்துல, எந்தத் தேதின்னு இருக்கணும். கட்டையோட எக்ஸ்ரே இருந்தா எடுத்துக்கிடுங்க. கண்ணுக்குச் சமீபத்துல பாத்த சீட்டு, கண்ணாடி போடுறவருன்னா கண்ணாடி. கண்ணாடி போட்டும் தெரியாத அளவுதான் கணக்கு. கண்புரையினால பார்வை மங்கியிருந்தா ஆபரேசன் பண்ணிட்டு வாங்கன்னு அனுப்பிருவாங்க. சர்க்கரையால விழித்திரை கெட்டதுன்னா விழித்திரையைப் பாத்த ரிப்போர்ட் இருக்கது நல்லது.

எல்லாத்துலயும் மூணு செட் ஜெராக்ஸ். பாஸ்போர்ட் போட்டோ ஆறு. குறைபாடு தெரியுற மாதிரி முழு உருவப் போட்டோ ரெண்டு, சில கட்டத்துல கேப்பாங்க. அசல் எதையும் குடுத்துட்டு வராதீங்க.

சர்க்கரைக்காரரு, அதனால இட்லியோ எதுவோ கட்டிக்கிட்டு, மாத்திரையோட போங்க. வரிசை மதியம் தாண்டும். அவர் உட்கார ஒரு இடம் பிடிச்சு வச்சுட்டு நீங்க வரிசையில நில்லுங்க. வேட்டி கட்டுனா நல்லது, அளக்க வசதி.

களக்காடு தம்பி — 13.08.2024

அண்ணாச்சி, போர்டுல முடிஞ்சதும் உடனே வந்துரலாமா?

பொருநைக்கரை — 13.08.2024

வரக்கூடாது. இதைத்தான் நான் எல்லார்ட்டயும் கெஞ்சிக் கேக்கேன். அந்தத் தாளைப் படிச்சுப் பாத்துட்டு அப்புறம் வெளிய வாங்க.

டாக்டர் எழுதுற மதிப்பீட்டுத் தாள் ஒரு பக்கம்தான். மேல பேரு, தகப்பனார் பேரு, வயசு. நடுவுல நோய்க்குறிப்புன்னு ஒரு கோடு. அதுக்குக் கீழே சதவீதம், எண்ணுலயும் எழுத்துலயும். அதுக்கும் கீழே நிரந்தரமா தற்காலிகமான்னு ஒரு டிக். அடியில டாக்டர் கையெழுத்து, பதிவு எண்ணோட ரப்பர் ஸ்டாம்ப். போட்டோ ஒட்டியிருந்தா வட்ட சீல் பாதி முகத்து ஓரத்துலயும் பாதி தாள்லயும் விழணும். முழுசும் தாள்ல விழுந்தா அடுத்த மேசையில திருப்பிருவாங்க.

வலது இடது மாறிப் போயிருக்கான்னு பாருங்க, அவசரத்துல மாறும். எண்ணுல 70ம் எழுத்துல அறுபதும் இருந்தா அங்கேயே சொல்லுங்க. கால் வெட்டுனவருக்குத் தற்காலிகம்னு டிக் விழுந்திருந்தா பணிவாக் கேளுங்க, வெட்டுன கால் வளரப் போறதில்ல. டாக்டர் மேசையில அஞ்சு நிமிசத்துல தீருற திருத்தம், இணையத்துல ஏறிட்டா மாசக்கணக்குல ஆகும்.

திசையன்விளை வாசகி — 19.08.2024

ஒரு காது சுத்தமாக் கேக்காது, ஒரு காது நல்லாக் கேக்கும். அட்டை கிடைக்குமா? தெரிஞ்சவங்க 50 சதவீதம்னு சொல்லுதாங்க.

பாளை அக்கா — 19.08.2024

ரெண்டுல ஒண்ணு போனா பாதின்னு நினைக்காங்க, கணக்கு அப்படி இல்ல. நல்ல காதோட சதவீதத்தை அஞ்சால பெருக்கி, கெட்ட காதோட சதவீதத்தைக் கூட்டி, ஆறால வகுக்கணும். நல்ல காது 0, கெட்ட காது 100னா 16.67. சட்டப்படி காது கேளாமைன்னா ரெண்டு காதுலயும் 70 டெசிபல் இழப்பு. கேட்கும் திறன் குறைவுன்னா ரெண்டுலயும் 60ல இருந்து 70. ஒரு கண் போனவருக்கும் இதே கதைதான், தனியா அது 30தான்.

40க்குக் கீழே இருந்தாலும் சதவீதம் போட்ட சான்று வாங்கலாம். ஆனா பணத்துக்கும் இடஒதுக்கீட்டுக்கும் அது உதவாது. பிற்காலத்துல மத்தக் காதும் குறைஞ்சா மறு மதிப்பீட்டுக்கு ஒரு ஆதாரம், அந்த அளவுக்கு நல்லது. ஆடியோகிராம் எடுத்தா அந்த வரைபடத் தாள்ல ரெண்டு காதுக்கும் கோடு இருக்கணும், ஆடியோலஜிஸ்ட் கையெழுத்து இருக்கணும். பேச்சு வராத சின்னப் பிள்ளைகளுக்கு ஆடியோகிராம் எடுக்க முடியாது, பெரா பரிசோதனை, அதான் சத்தத்துக்கு மூளை காட்டுற அலையைப் பாக்குற சோதனை கேப்பாங்க.

களக்காடு தம்பி — 22.08.2024

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 9 வயசு, அறிவுசார் குறைபாடு. பழைய நீலப் புத்தக அட்டை இருக்கு, யு.டி.ஐ.டி. இல்ல. பராமரிப்புத் தொகைக்கு 18 வயசு ஆகணுமா?

பாளை அக்கா — 22.08.2024

ஆக வேண்டாம். 18ங்கிறது தாலுகா ஓய்வூதியத்துக்கு. அறிவுசார் குறைபாட்டுக்கு நல அலுவலகப் பணத்துல பிள்ளைங்களுக்கும் உண்டு, 40 இருந்தா போதும். பேங்க்ல அம்மாவோ அப்பாவோ காப்பாளரா இருந்து பிள்ளை பேர்ல கணக்கு. அம்மா கணக்கு நம்பரை மட்டும் குடுத்தா சில நேரம் திரும்பி வருது.

யு.டி.ஐ.டி. பதிவுல "ஏற்கெனவே சான்றிதழ் உள்ளதா"ன்னு கேக்கும். உண்டுன்னு போட்டுப் பழையதை ஏத்துங்க. ஆனா இந்தப் பிள்ளைக்கு மறு மதிப்பீடு வரும். இந்தக் குறைபாட்டுக்குச் சான்றிதழ் நிரந்தரம் கிடையாது. 5, 10, 18 வயசுல புதுப்பிக்கணும், 18ல குடுக்குறதுதான் ஆயுளுக்கும். 9 வயசு ஆயிட்டுன்னா பத்துல எப்படியும் போகணும், அதனால இப்பவே புது மதிப்பீடு நல்லது. உளவியலாளர் ஐ.க்யூ.வும் சமூக முதிர்ச்சி அளவும் பாப்பாரு. லேசுன்னா 50, நடுத்தரம்னா 75, கடுமைன்னா 90, மிகக் கடுமைன்னா 100. பிள்ளை தூங்கி எழுந்து, சாப்பிட்டு, நல்ல மனநிலையில இருக்க நேரத்துல கூட்டிட்டுப் போங்க. சோதனை அன்னைக்கு அம்மாகிட்ட நிறையக் கேப்பாங்க: தானாச் சாப்பிடுதானா, பொத்தான் போடுதானா, தனியா வெளிய போயிட்டு வருவானா. பெருமைக்கு "எல்லாம் செய்வான்"னு சொல்லிட்டு வந்துருதாங்க. தாய் மனசு அப்படித்தான் சொல்லும், எனக்குப் புரியுது. ஆனா அங்க உள்ளதை உள்ளபடி சொல்லணும். ஊட்டிவிட்டா சாப்பிடுவான்னா ஊட்டிவிட்டான்னு சொல்லுங்க.

பொருநைக்கரை — 23.08.2024

அக்கா சொன்னதுக்கு ஒரு சேர்க்கை. 18 முடிஞ்சதும் பேங்க்ல காப்பாளர் கணக்கு நிக்கும், "இனி பிள்ளைதான் கையெழுத்துப் போடணும்"னு சொல்லுவாங்க. அப்ப சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று வேணும். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில உள்ள உள்ளூர் குழு குடுக்கும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நாலுக்கும்தான். பதினேழரை வயசுலயே காகிதம் சேக்க ஆரம்பிங்க. பணம் நின்னு போனபின்னாடி ஓடுற வீடுகள்தான் அதிகம்.

ஆலங்குளம் வாசகர் — 02.09.2024

நானும் கொக்கிரகுளத்துக்குத்தான் வரணுமா? எங்க அட்டையில திருநெல்வேலி மாவட்டம்னு இருக்கு.

பொருநைக்கரை — 02.09.2024

வேண்டாம். 2019 நவம்பர் 22ல தென்காசி தனி மாவட்டம் ஆச்சு. ஆலங்குளம், சங்கரன்கோவில், வீரகேரளம்புதூர், கடையநல்லூர், செங்கோட்டை, சிவகிரி, திருவேங்கடம், தென்காசி எல்லாம் அங்க. நீங்க தென்காசி நல அலுவலகம் போகணும். ஆதார்ல இன்னும் திருநெல்வேலி மாவட்டம்னு இருந்தா முதல்ல அதை மாத்துங்க, யு.டி.ஐ.டி. அந்த முகவரியை வச்சுத்தான் எந்த மாவட்டத்துக்குப் போகுதுன்னு முடிவாகும். பழைய கோப்பு இங்க இருந்தா, தென்காசிக்கு மாற்றி அனுப்பச் சொல்லி ஒரு மனு குடுத்து நகல்ல தேதி முத்திரை வாங்கிக்கிடுங்க.

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை, மானூர், பாளை, திருநெல்வேலி வட்டத்துக்காரங்களுக்கு எப்பவும்போல இங்கதான்.

மூலைக்கரைப்பட்டி வாசகர் — 14.09.2024

பதிவு பண்ணியாச்சு, கால், கண் ரெண்டும் டிக் அடிச்சு. ஒருத்தர் வந்து "போர்டுல சொல்லி 80 போட வைக்கேன், அஞ்சாயிரம் குடுங்க"ங்காரு.

பாளை அக்கா — 14.09.2024

பத்து பைசா குடுக்காதீங்க தம்பி. சான்றிதழுக்குக் கட்டணமே கிடையாது. கட்டை நீளத்துக்கு இத்தனைன்னு அட்டவணை இருக்கு, கண்ணுக்கும் அட்டவணை இருக்கு. அவர் சொல்லி மாறுறதுக்கு ஒண்ணுமில்ல. நியாயமா 76 வர வேண்டியவருக்கு 76 வந்ததும் "நான்தான் வாங்கிக் குடுத்தேன்"னு சொல்லுவாரு, அதுதான் அவங்க தொழில். பொய்யாக் கூட்டிப் போட்ட சான்றுன்னா பின்னாடி மறு ஆய்வுல மாட்டுறது உங்க அப்பாதான்.

பொருநைக்கரை — 30.09.2024

பேங்க் விசயம் யாரும் தொடல. அதை எழுதிடுதேன்.

ஆதார் கணக்கோட சேந்திருக்கதும், அரசுப் பணம் வர்றதுக்கான இணைப்பு அந்தக் கணக்குல இருக்கதும் வேற வேற. ரெண்டு மூணு பேங்க்ல கணக்கு இருந்தா, கடைசியா எந்தப் பேங்க்ல அந்த இணைப்புக் குடுத்தீங்களோ அங்கதான் போகும். "பணம் வரல"ன்னு அலையுற சில பேருக்கு எங்கயோ மறந்து போன கணக்குல ஏறிக்கிட்டு இருக்கும். பேங்க்ல நேரா "இந்தக் கணக்குல நேரடிப் பணப் பரிமாற்ற இணைப்பு இருக்கா"ன்னு கேளுங்க.

பழைய நகைக்கடன், பயிர்க்கடன் பாக்கி இருக்க கணக்கைக் குடுக்காதீங்க, வந்த அன்னைக்கே பிடிச்சுருவாங்க. குறைந்தபட்ச இருப்புக் கேக்காத கணக்கு ஒண்ணு புதுசாத் தொடங்குறது நல்லது. ரெண்டு வருசமாத் தொடாத கணக்குன்னா முடங்கிக் கிடக்கும், நூறு ரூபாய் போட்டு எடுத்து உயிர்ப்பிச்சுட்டு நம்பரைக் குடுங்க.

கைவிரல் ரேகை விழாதவங்க, முக்கியமா தொழுநோயால விரல் தேஞ்சவங்க, ஆதாருக்குக் கருவிழிப் பதிவு கேளுங்க. விரல் இல்லாதவங்களுக்கு விதிவிலக்குப் பதிவே உண்டு. "ரேகை விழல, போங்க"ன்னு அனுப்புனா ஒத்துக்கிட்டுத் திரும்பாதீங்க.

மானூர் வாசகர் — 06.11.2024

அண்ணனுக்கு இப்பதான் சான்று வந்துச்சு. முழங்காலுக்குக் கீழே எடுத்தது 60, ரெண்டு கண்ணும் சேத்து 40. மொத்தம் 73.33னு போட்டிருக்காங்க. 75க்கு ஒண்ணே முக்காதான் குறையுது. கலெக்டர்ட்ட சொன்னா போட்டுத் தருவாங்களா?

பொருநைக்கரை — 06.11.2024

கணக்கு சரிதான்: 30ஐ 40ஆல பெருக்கி 1200, 90ஆல வகுத்தா 13.33, 60ஓட சேந்து 73.33. சதவீதத்தைக் கலெக்டரோ நல அலுவலரோ மாத்த முடியாது, மருத்துவர்கள்தான். மேல்முறையீடு செய்ய 2016 சட்டத்துல வழி இருக்கு, ஆனா கெடு உண்டு. யார்ட்ட, எத்தனை நாளுக்குள்ள மேல்முறையீடு செய்யணும்னு சான்று குடுத்த இடத்துலயே எழுத்துல கேளுங்க.

ஆனா "கொஞ்சம்தான் குறையுது, கூட்டிப் போடுங்க"ன்னு எழுதுனா நிக்காது. அளவு தப்புன்னு காட்டணும். முழங்கால் மூட்டுல இருந்து கட்டை எத்தனை சென்டிமீட்டர்? குட்டைக் கட்டைக்கு 70, கணுக்கால் பக்கம் வரைக்கும் நீளமா இருந்தா 60. டிஸ்சார்ஜ் சம்மரியில ஒரு மட்டம், சான்றுல வேற மட்டம்னு இருந்தா அதுதான் உங்க ஆதாரம். எக்ஸ்ரேயோட இணைங்க. அளவு சரியாத்தான் இருக்குன்னா மேல்முறையீட்டுல நாளைப் போக்க வேண்டாம்.

ரெண்டாவது, மேல்முறையீடு நடக்குதுன்னு 1500க்கு மனு போடாம இருக்காதீங்க. 40 தாண்டியாச்சு, தாலுகாவுக்கு இன்னைக்கே இ-சேவையில பதிங்க. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தனி தாசில்தார்னு போகும். வி.ஏ.ஓ. வீட்டுக்கு விசாரிக்க வரும்போது ஆள் வீட்டுல இல்லேன்னா "நேரில் இல்லை"ன்னு எழுதிட்டுப் போயிருவாரு. அதனால மனு எண்ணோட நீங்களே போயி அவரைப் பாத்து, என்னைக்கு வருவாருன்னு கேட்டு வச்சுக்கிடுங்க. பின்னாடி சதவீதம் கூடுனா 2000க்கு மாறிக்கிடலாம்.

பாளை அக்கா — 08.11.2024

விதி மாறியிருக்கு, மேல எழுதுனதோட சேத்துப் படிங்க. 2024 அக்டோபர்ல வந்த திருத்த விதிகள்படி யு.டி.ஐ.டி. அட்டைக்கு மூணு நிறம். 40க்குக் கீழே வெள்ளை, 40ல இருந்து 80க்குள்ள மஞ்சள், 80ம் அதுக்கு மேலயும் நீலம். சான்று குடுக்க இருந்த ஒரு மாசக் கெடு மூணு மாசம் ஆயிருக்கு. ஆறு மாசத்துக்கு உட்பட்ட போட்டோதான் ஏத்துக்கிடுவாங்க, கல்யாண வீட்டுல எடுத்த பழைய படத்தை வெட்டி ஒட்ட வேண்டாம். ரெண்டு வருசம் முடிவாகாமக் கிடக்குற விண்ணப்பம் காலாவதி ஆயிரும். 2021, 22ல பதிஞ்சுட்டு போர்டுக்குப் போகாம விட்டவங்க இருந்தா நிலையைப் பாருங்க, இல்லேன்னா மறுபடி பதியணும்.

75க்கு மேல உள்ளவங்க கையில மஞ்சள் அட்டையப் பாத்துட்டு "நீலம் இருந்தாத்தான் 2000"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அட்டை நிறம் வேற, தொகைக்கான 75 வேற.

களக்காடு தம்பி — 09.11.2024

பக்கவாதம் வந்து ரெண்டு மாசம் ஆனவருக்கு இப்பவே கூட்டிட்டுப் போகலாமா?

பொருநைக்கரை — 09.11.2024

இப்ப வேண்டாம். கை கால் தேறுற காலம் இது. பொதுவா ஆறு மாசம் கழிச்சு, சிகிச்சை முடிஞ்சு நிலைமை நிலைச்ச பிறகுதான் மதிப்பிடுவாங்க. அதுவரை பிசியோதெரபியை விடாம செய்யுங்க, ஒவ்வொரு சீட்டையும் சேத்து வையுங்க. பேச்சும் போயிருந்தா அதையும் தனியாக் காட்டணும், கை காலோட நிப்பாட்டிராதீங்க.

மூலைக்கரைப்பட்டி வாசகர் — 21.01.2025

அப்பாவுக்குச் சான்று வந்துட்டு, 76.67. நீங்க போட்ட கணக்கு அப்படியே. நல அலுவலகத்துல பராமரிப்புத் தொகைக்கு மனு குடுத்து ரசீது வாங்கியாச்சு. எவ்வளவு நாள் காத்திருக்கணும்? அம்மாவுக்கு மகளிர் உரிமைத்தொகை 1000 வருது, அது நின்னுருமோன்னு பயப்படுதாங்க.

பாளை அக்கா — 21.01.2025

நல்ல சேதி தம்பி. அம்மாட்ட பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. அப்பாவுக்குப் பராமரிப்புத் தொகை வருதுங்கிறதுக்காக அம்மாவோட 1000 நிக்காது.

பராமரிப்புத் தொகை உடனே வராது, காத்திருப்போர் பட்டியல் உண்டு. ரசீதுல உள்ள தேதி, எண் முக்கியம், போட்டோ எடுத்து வையுங்க. 1200 வந்துக்கிட்டே இருக்கட்டும். மூணு மாசம் ஆகியும் தகவல் இல்லேன்னா 1100க்கு, அதான் முதல்வரின் முகவரிக்குப் பேசி, மனு எண்ணைச் சொல்லுங்க. இப்பத்தான் திங்கக்கிழமை மனுநாளும் உதவும். "மனு எண் இது, தேதி இது, நிலை என்ன"ன்னு ரெண்டு வரி போதும், கதை எழுத வேண்டாம்.

பொருநைக்கரை — 22.01.2025

அதுக்கும் பதில் வரலன்னா தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி நல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. "ஏன் தாமதம்"னு கேக்காதீங்க, அதுக்குப் பதில் சொல்லும் கட்டாயம் இல்ல. "என் மனு எண் காத்திருப்போர் பட்டியலில் எத்தனையாவது, இந்தத் தேதியில் என் மனு எந்த அலுவலர் மேசையில் உள்ளது, கோப்புக் குறிப்பின் நகல் தருக" — இப்படிக் கேளுங்க. 30 நாள்ல பதில் வரணும்.

உத்தரவு வந்து பணம் ஏற ஆரம்பிச்சதும் 1200ஐ ரத்து செய்யச் சொல்லி தாலுகாவுக்கு எழுதி நகல் வாங்குங்க. அதுக்கப்புறம் வருசா வருசம் வாழ்நாள் சான்று உண்டு. வி.ஏ.ஓ. கையெழுத்தோட, அட்டை நகல், ஆதார் நகல், பாஸ்புக் நகல் சேத்து நல அலுவலகத்துல குடுக்கணும். கேக்குற மாசத்துல குடுக்கலேன்னா பணம் சத்தமில்லாம நிக்கும். படுத்த படுக்கையா இருக்கவங்களைத் தூக்கிட்டு வர வேண்டாம், வீட்டுல உள்ளவங்க காகிதத்தோட வந்தா போதும்.

செயற்கைக் காலுக்குத் தனி மனு. சான்று வந்துட்டுல்லா, அதையும் இப்பவே குடுத்துருங்க. கட்டையில வீக்கம் வத்தி, தோல் புண்ணில்லாம இருந்தாத்தான் அளவு எடுப்பாங்க. தெனமும் கட்டைத் துணியை இறுக்கிச் சுத்தி வைக்கச் சொல்லுங்க, நுனியில இறுக்கம் கூட, மேல போகப் போகக் கொஞ்சம் தளர்வா. சர்க்கரைக்காரருக்குக் கட்டை நுனியில உணர்ச்சி கம்மியா இருக்கும், அதனால ராத்திரி ஒரு கண்ணாடியைக் கீழே பிடிச்சுச் சிவப்பு ஏதும் இருக்கான்னு நீங்களே பாருங்க.